வாசகர் கேள்வி – பதில்: கூட்டாகச் செய்யும் வேலைக்கு எது காவல்?

யாரும் எடுத்துப் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருள்கள் எவ்வாறு உருவாகின்றன என்பது பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில், ஒரே பொருளைச் சுற்றி வந்த ஏழு கேள்விகளை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

சம்பளமும் இல்லை, முதலாளியும் இல்லை. முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோர் ஏன் இப்படி உழைக்கிறார்கள்? இது தருமமா, பைத்தியக்காரத்தனமா?
— பாலிடெக்னிக் மாணவர், கோயம்புத்தூர்

இரண்டும் இல்லை. நம் ஊர்க் கலியாண மண்டப வாசலில் மேசை போட்டு மொய் எழுதுகிறார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். மொய் தருமமும் அன்று, வட்டிக்கு விட்ட கடனும் அன்று. கொடுத்தவர் பெயர் நோட்டில் ஏறுகிறது. தம் வீட்டில் ஒரு விசேஷம் வரும்போது அது திரும்பி வரும் என்ற நம்பிக்கையில் அவர் கொடுக்கிறார். கட்டற்ற மென்பொருள் உலகில் அந்த நோட்டின் வேலையைச் செய்வது உரிமம். ஒரு வேறுபாடு உண்டு: மொய் அதே வீட்டிலிருந்து திரும்ப வேண்டும், இங்கே அது முன்பின் அறியாத ஒருவரிடமிருந்து, நீங்கள் எதிர்பாராத வடிவத்தில் வரும்.

1991 ஆகஸ்டில், ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தம் லினக்ஸ் இயங்குதளத்தைப் பற்றி முதன்முதலில் பொதுவில் அறிவித்தபோது அவருக்கு வயது 21. அவர் முதலில் வைத்த நிபந்தனை, அதை விநியோகிக்க யாரும் பணம் வாங்கக் கூடாது என்பதாக இருந்தது. 1992-இல் அதைக் கைவிட்டு, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மன் 1989-இல் வெளியிட்ட குனூ பொது உரிமத்திற்கு மாறினார். இந்த உரிமத்தின்படி எவரும் நிரலை எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் மாற்றியதை வெளியே கொடுத்தால் மனிதர் படிக்கும் வடிவிலுள்ள அதன் மூல நிரலையும் அதே நிபந்தனையில் கொடுத்தாக வேண்டும். நான் கொடுத்ததை என் போட்டியாளர் பூட்டி வைத்துக்கொள்ள முடியாது என்ற உறுதி கிடைத்ததால்தான், சந்தையில் ஒருவரோடொருவர் மோதிக்கொள்ளும் நிறுவனங்கள்கூட லினக்ஸில் தங்கள் ஊழியர்களை உட்கார வைத்தன. இன்று லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்கு வரும் மாற்றங்களில் பெரும்பகுதி சம்பளம் வாங்கும் பொறியாளர்கள் எழுதுவதே. ஆகவே 'சம்பளம் இல்லாமல்' என்ற உங்கள் சொல் பாதிதான் சரி.

இருந்தும் உரிமமே எல்லாம் என்று சொல்லிவிட முடியாது. திருப்பித் தரவேண்டும் என்ற கட்டாயமே இல்லாத பிஎஸ்டி, அப்பாச்சி உரிமங்களின்கீழும் பெரிய திட்டங்கள் செழித்திருக்கின்றன. அங்கே மக்களைத் திருப்பித் தர வைப்பது சட்டமன்று. தனியாக வைத்துக்கொண்ட மாற்றத்தை ஒவ்வொரு புதிய பதிப்போடும் மீண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் அலுப்பும், சக பொறியாளர்களிடையே கிடைக்கும் மரியாதையுமே.

இத்தகைய குழுக்கள் 'எங்கள் விழுமியங்கள்' என்று பட்டியல் போடுகின்றன. எல்லா அலுவலகச் சுவர்களிலும்தான் அப்படித் தொங்குகிறது. இவற்றில் ஏதாவது உண்மையாகக் கடைப்பிடிக்கப்படுகிறதா?
— ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், தஞ்சாவூர்

உங்கள் சந்தேகம் நியாயமானது. நெறி உண்மையா என்று அறிய எனக்குத் தெரிந்த ஒரே சோதனை, அதைக் காப்பதால் அந்தக் குழுவுக்கே அவமானமும் நட்டமும் வருகிற நாளில் என்ன செய்தார்கள் என்று பார்ப்பதுதான். அப்படி ஒரு நாளைச் சொல்கிறேன்.

இயன் மர்டாக் 1993-இல் தொடங்கிய டெபியன் என்ற இயங்குதளத் திட்டம், 1997 ஜூலையில் 'சமூக ஒப்பந்தம்' என்ற சிறிய ஆவணத்தை ஏற்றுக்கொண்டது. அதன் வரைவைத் தொகுத்தவர் புரூஸ் பெரன்ஸ். டெபியன் எப்போதும் கட்டற்றதாகவே இருக்கும், மற்றத் திட்டங்களிலிருந்து பெற்றதற்கு ஈடாகத் திருத்தங்களை அவர்களுக்கே திருப்பி அனுப்புவோம், பயனர்களின் நலனுக்கு முதலிடம் தருவோம் என்ற வாக்குறுதிகளின் நடுவே, 'சிக்கல்களை மறைக்க மாட்டோம்' என்று ஒன்று இருக்கிறது. பிழை குறித்து வரும் முறையீடுகள் யாவும் உடனே, எல்லோரும் பார்க்கும்படி வைக்கப்படும் என்பது அதன் பொருள்.

2006-இல், இணையத் தொடர்புகளை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் தொகுப்பை டெபியனுக்காகப் பராமரித்தவர், ஒரு சோதனைக் கருவி எச்சரிக்கை காட்டியதால் அதில் இரண்டு இடங்களில் வரிகளை நீக்கினார். நீக்கும் முன் அத்தொகுப்பை எழுதியவர்களின் மடற்குழுவில் கேட்கவும் செய்தார். பெரிய ஆட்சேபம் எழவில்லை. ஆனால் யாரும் ஊகிக்க முடியாத எண்களை உருவாக்குவதற்கு அந்த வரிகளே ஆதாரமாக இருந்தன. அவை போனபின், டெபியனிலும் அதைச் சார்ந்த உபுண்டு இயங்குதளத்திலும் உருவான சாவிகள் (மறைகுறியைத் திறக்கும் இரகசிய எண்கள்), ஒவ்வொரு வகையிலும் வெறும் 32,767 வாய்ப்புகளுக்குள் அடங்கிவிட்டன. திறவுகோலைத் தேட ஒரு திருடனுக்கு ஒரு சாயங்காலம் போதும். ஏறத்தாழ 20 மாதங்கள் இது எவர் கண்ணிலும் படவில்லை.

2008 மே மாதம் லூசியானோ பெல்லோ என்ற டெபியன் பங்களிப்பாளர் இதைக் கண்டுபிடித்தார். மே 13-ஆம் நாள் அறிவிப்பு வெளியானது: தவறு எங்களுடையது, டெபியனுக்கே உரியது, பாதிக்கப்பட்ட சாவிகள் அனைத்தையும் தூக்கியெறிந்துவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள், பலவீனமான சாவியைக் கண்டறியும் கருவி இதோ. எந்த நாளில், எந்த வரி, என்ன கேள்வி கேட்டபின் நீக்கப்பட்டது என்பதெல்லாம் எவரும் படிக்கக்கூடிய பதிவுகளாக ஏற்கெனவே கிடந்தன. உலகமே கேலி செய்தது. ஆனால் டெபியனை விட்டு மக்கள் ஓடிவிடவில்லை. இன்றும் எண்ணற்ற வழங்கிகள் (சர்வர்கள்) அதன்மேல் ஓடுகின்றன.

வங்கியில் இருந்தவர் என்பதால் உங்களுக்கு இது எளிதில் விளங்கும். கணக்கில் பிழை வரும் கிளையைவிட, கணக்கைக் காட்டத் தயங்கும் கிளையைத்தானே தணிக்கையாளர் முதலில் சந்தேகிக்கிறார்?

தலைவரே சர்வாதிகாரியாகிவிட்டால் உறுப்பினர்கள் என்ன செய்வது? தேர்தல் உண்டா?
— வழக்கறிஞர், மதுரை

சில இடங்களில் உண்டு. டெபியன் ஆண்டுதோறும் வாக்கெடுத்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறது. பைத்தான் நிரல்மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசம், நீண்ட காலம் இறுதிச் சொல் தம்முடையதாக இருந்தபின், ஒரு கடுமையான விவாதத்தால் களைத்து 2018 ஜூலையில் விலகினார். அதன்பின் ஐவர் கொண்ட, தேர்ந்தெடுக்கப்பட்ட குழு பொறுப்பேற்றது. ஆனால் வாக்குச் சீட்டைவிடக் கூர்மையான வேறொரு கருவி இங்கே இருக்கிறது: தனிக்குடித்தனம் போகும் உரிமை. தொழில்நுட்பர்கள் இதை ஃபோர்க் என்பார்கள். நம் வீடுகளில் தனிக்குடித்தனம் போகிறவர் பாத்திரம் பண்டங்களில் பாதிக்காவது சண்டை போட வேண்டும்; இங்கே பிரிந்து போகிறவர் முழு வீட்டையும் நகலெடுத்துக்கொண்டு போகலாம், வீட்டின் பெயரை மட்டும் விட்டுவிட்டு.

ஓப்பன்ஆபீஸ் கதை இதற்கு நல்ல சான்று. 2010 ஜனவரியில் ஆரக்கிள் நிறுவனம் சன் மைக்ரோசிஸ்டம்ஸை வாங்கியபோது அந்த அலுவலக மென்பொருளும் அதன் கைக்குப் போனது. தங்கள் திட்டம் கவனிப்பாரற்றுப் போகும் என்று அஞ்சிய பங்களிப்பாளர்கள் 2010 செப்டம்பர் 28-இல் டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பை அறிவித்து, லிப்ரேஆபீஸ் என்ற பெயரில் தனியே நடத்தத் தொடங்கினார்கள். பழைய பெயரைத் தங்களிடம் ஒப்படைக்குமாறு கேட்டார்கள், கிடைக்கவில்லை. மாறாக, புதிய அமைப்பில் சேர்ந்தவர்கள் பழைய குழுவின் மன்றத்திலிருந்து விலக வேண்டும் என்ற பேச்சுத்தான் எழுந்தது. 2011-இல் ஆரக்கிள் ஓப்பன்ஆபீஸை அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டது. அதற்குள் லினக்ஸை மற்ற மென்பொருள்களோடு தொகுத்துத் தரும் விநியோகங்கள் பெரும்பாலும் லிப்ரேஆபீஸுக்கு மாறிவிட்டிருந்தன. பெயர் ஒரு பக்கம், ஆட்கள் மறு பக்கம் என்று நின்றபோது வேலை ஆட்களோடு போனது.

பிரிவு நிரந்தரமாக வேண்டும் என்பதும் இல்லை. ஸ்டால்மனின் குனூ திட்டத்தைச் சேர்ந்த, நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் ஜிசிசி நிரல்பெயர்ப்பி மெதுவாக நகர்கிறது என்று 1997-இல் பிரிந்தவர்கள் நடத்திய எக்ஸ் (EGCS) என்ற திட்டம், 1999-இல் அதிகாரபூர்வ ஜிசிசியாகவே ஏற்கப்பட்டது. பிரிந்து போன மகனிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்த கதை. வழக்கறிஞராகிய நீங்கள் கவனிக்க வேண்டிய இடம், இந்த உரிமை பெரும்பாலும் பயன்படுத்தப்படாமலேயே பயன் தருகிறது என்பது. எல்லோரும் எப்போது வேண்டுமானாலும் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று தெரிந்த தலைவர், முடிவுகளுக்குக் காரணம் சொல்லிப் பழகிவிடுகிறார்.

முகம் தெரியாதவரை நம்புவது ஆபத்தில்லையா?
— மென்பொருள் சோதனையாளர், சென்னை

ஆபத்துத்தான். 2024 மார்ச் 29-இல் வெளிவந்த எக்ஸ்இசட் விவகாரம் அதை நன்றாகக் காட்டியது. கோப்புகளைச் சுருக்கும் அந்தச் சிறிய மென்பொருளை நெடுங்காலம் ஒரே ஒருவர், தம் ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உடல்நலமும் மனநலமும் தளர்ந்திருந்த வேளையில், ஏன் தாமதம், ஏன் புதிய பதிப்பு இல்லை, முடியாவிட்டால் பொறுப்பை வேறொருவரிடம் விடலாமே என்று சிலர் தொடர்ந்து நெருக்கினார்கள். அதே காலத்தில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக, பணிவாகப் பங்களித்து நம்பிக்கை பெற்று, இணைப் பராமரிப்பாளராகி, கடைசியில் தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஒரு புறவாசலைப் புகுத்திவிட்டார். நெருக்கியவர்களும் அவருடைய கூட்டாளிகளாகவே இருக்க வேண்டும் என்பது பரவலான கணிப்பு.

இதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர். அவர் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள வேலையில் இருந்தபோது, தொலைக் கணினியில் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, ஏன் என்று தோண்டிப் பார்த்தார். நிரலும் அதன் மாற்றங்களும் திறந்து கிடந்ததால் அந்த அரை வினாடியின் வேரை ஒரு வெளியாள் எட்ட முடிந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: புறவாசலின் முக்கியப் பகுதி எல்லோரும் படிக்கும் நிரல் களஞ்சியத்தில் முழுமையாக இல்லை, வெளியீட்டுத் தொகுப்பிலும் சோதனைக்கான கோப்புகளிலும் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. திறந்திருப்பதாகச் சொல்லப்பட்டதில் மூடிய ஒரு மூலையைத் தேடித்தான் அவர்களும் நுழைந்தார்கள்.

பலர் இதிலிருந்து 'யாரையும் நம்பாதே' என்ற பாடத்தை எடுத்தார்கள். என் வாசிப்பு வேறு. முறிந்தது நம்பிக்கை அன்று, பராமரிப்பு. கேட்டு வாங்கத் தெரிந்த இலட்சக்கணக்கானோர் இருந்தும், பாரத்தில் தோள் கொடுக்க ஒருவர் வராத இடத்தில் திருடன் தோள் கொடுத்தான். இத்தகைய குழுக்களின் நெறிகளில், 'கொடுப்பவரிடம் எப்படிக் கேட்பது' என்பது பற்றி மிகக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது என்பது என் நெடுநாள் குறை.

திறமை இருந்தால் போதாதா? கொஞ்சம் கடுமையாகப் பேசினால் என்ன குறைந்துவிடும்?
— பொறியியல் கல்லூரி விரிவுரையாளர், சேலம்

குறைவது எது என்று கணக்கிட முடியாததே சிக்கல். திட்டு வாங்கியவர் சொல்லிக்கொண்டு போவதில்லை, வராமல் இருந்துவிடுகிறார். தம் மின்னஞ்சல்களின் கடுமைக்குப் பெயர் பெற்ற டோர்வால்ட்ஸே 2018 செப்டம்பரில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார். அதே நாள்களில் கர்னல் திட்டம் ஒரு நடத்தை நெறியையும் ஏற்றது. அதனால் நிரலின் தரம் சரியும் என்று அன்று முழங்கியவர்களுக்கு, அதன்பின் வந்துகொண்டே இருக்கும் பதிப்புகளே பதில்.

சொந்த அனுபவம் ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு திட்டத்திற்கு — பெயர் வேண்டாம் — தமிழ் இடைமுகத்தில் சில சொற்களைத் திருத்தி அனுப்பினேன். ஏழு மாதம் கழித்து 'ஏற்கவில்லை' என்ற ஒரு சொல் வந்தது. இன்னொரு திட்டத்தில், நான் அனுப்பியதில் பாதியை நிராகரித்தவர், 'சேமிக்கவும்' என்பதைவிடப் பொத்தானில் 'சேமி' என்று இருப்பதே எங்கள் சொற்பட்டியலில் ஏற்கப்பட்ட வழக்கு, பட்டியல் இங்கே இருக்கிறது, மீதியை நன்றியுடன் சேர்த்துக்கொண்டேன் என்று மறுநாளே எழுதினார். இரண்டும் மறுப்புத்தான். இரண்டாவது திட்டத்தில் நான் ஐந்தாண்டுகள் இருந்தேன்.

இதெல்லாம் கணினித் துறைக்கு மட்டுமா? அதற்கு முன் இப்படி எதுவும் நடக்கவில்லையா?
— வரலாற்று ஆசிரியை, திருநெல்வேலி

நடந்திருக்கிறது, 200 ஆண்டுகளுக்கு முன்பே, நீராவி எஞ்சினில். இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலுள்ள கார்ன்வால் பகுதியின் செம்பு, வெள்ளீயச் சுரங்கங்களில் ஊறும் நீரை இறைக்க எஞ்சின்கள் தேவைப்பட்டன. அங்கே நிலக்கரி கிடையாது. வேல்ஸிலிருந்து கப்பலில் வர வேண்டும். ஜேம்ஸ் வாட்டின் காப்புரிமை 1800 வரை நீடித்தது. அதுவரை போல்டன் – வாட் நிறுவனம், எஞ்சினால் மிச்சமாகும் நிலக்கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டணமாக வாங்கியது. காப்புரிமை முடியும்வரை மற்றவர்கள் மேம்பாடு செய்யக் கை கட்டப்பட்டிருந்தது. கார்ன்வால்காரர்களுக்கு அது ஆறாத வடு.

1811-இல் சுரங்க மேலாளர்கள் கூடி, ஜோயல் லீன் என்பவரை நியமித்து, எஞ்சின்களின் அமைப்பையும் ஒரு புஷல் (பழைய ஆங்கிலேய முகத்தல் அளவை) நிலக்கரிக்கு எவ்வளவு நீரை எவ்வளவு உயரம் தூக்கின என்பதையும் மாதந்தோறும் அச்சிட்டு வெளியிடச் செய்தார்கள். எந்தச் சுரங்கம், எந்தப் பொறியாளர் என்ற பெயர்களுடன் வெளிவந்த அந்த இதழ் 1904 வரை தொடர்ந்தது. இந்த மாதம் நல்ல கணக்குக் காட்டிய பொறியாளரைத் தேடி அடுத்த மாதம் வேறு சுரங்கத்தார் வந்தார்கள். ஆகவே மறைப்பதைவிடக் காட்டுவதே அவருக்கு இலாபம். ரிச்சர்டு ட்ரெவிதிக் 1812-இல் வீல் பிராஸ்பர் சுரங்கத்தில் நிறுவிய உயர் அழுத்த எஞ்சினுக்குக் காப்புரிமை எடுக்கவில்லை. அந்த வடிவமைப்பே பரவியது. ஆர்தர் உல்ஃப் காப்புரிமை பெற்றிருந்த இரட்டை உருளை எஞ்சின் அதன்முன் நிற்கவில்லை. அடுத்த 30 ஆண்டுகளில் சிறந்த எஞ்சின்களின் திறன் பல மடங்கு உயர்ந்தது.

அவர்கள் பெருந்தன்மையாளர்கள் என்று மாணவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். செம்பின் விலையை எந்த ஒரு சுரங்கமும் தனியாக நிர்ணயிக்க முடியாது. ஒரே முதலீட்டாளர் பல சுரங்கங்களில் பங்கு வைத்திருப்பார். பக்கத்துச் சுரங்கம் நிலக்கரியை மிச்சப்படுத்துவதால் தமக்கு இழப்பில்லை என்ற நிலையில்தான் பகிர்வு வேர்விட்டது.

நம் காலத்தில், 1996 பிப்ரவரியில் பெர்முடாவில் கூடிய மரபணு ஆய்வாளர்கள், மனித மரபணுத் தொடரில் தாங்கள் படித்தெடுத்ததை 24 மணி நேரத்துக்குள் பொதுவில் வைப்பது என்று ஒப்புக்கொண்டார்கள். ஜான் சல்ஸ்டனும் ராபர்ட் வாட்டர்ஸ்டனும் அதற்கு முன்னின்றார்கள். ஆய்வுக் கட்டுரை வெளியிடும்வரை தரவைப் பொத்தி வைப்பது வழக்கமாக இருந்த துறையில், அது எவ்வளவு பெரிய விட்டுக்கொடுத்தல் என்பதை ஆராய்ச்சி மாணவர்கள் அறிவார்கள்.

தமிழில் இப்படி ஏதாவது உண்டா?
— நூலகர், புதுக்கோட்டை

உங்கள் நூலகத்துக்கு வருபவர்கள் அதைப் பயன்படுத்தியிருப்பார்கள். 1998 பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டம், சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரத்தின் முன்னெடுப்பில், பல நாடுகளில் வாழும் தமிழர்கள் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாக வைத்தது. அதன் கோப்பு ஒன்றைத் திறந்து முதல் பக்கத்தைப் பாருங்கள். உள்ளீடு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று பெயர்கள் இருக்கும். இந்த முகப்புப் பக்கத்தை நீக்காமல் யார் வேண்டுமானாலும் இதைப் பரப்பலாம் என்ற ஒரு வரியும் இருக்கும். பணம் கேட்கவில்லை, அனுமதி கேட்கவில்லை; உழைத்தவர் பெயரை அழிக்காதே என்று மட்டும் கேட்டார்கள். ஏடு பெயர்த்து எழுதியவர் கடைசி ஓலையில் தம் பெயரையும் நாளையும் குறித்து வைத்த மரபு நினைவுக்கு வருகிறது. லினக்ஸ் கர்னலிலும் ஒரு மாற்றத்தின் அடியில் பிழையைச் சொன்னவர், சோதித்தவர், சரிபார்த்தவர் என்று பெயர்கள் தனித்தனியே நிற்கும்.

2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் ஒரு பேச்சுப் பக்கமும் திருத்த வரலாறும் இருக்கின்றன. கட்டுரையைவிட அவற்றைப் படிப்பது எனக்குச் சில வேளைகளில் சுவையாக இருக்கும்: ஒரு கலைச்சொல்லுக்காகவோ கிரந்த எழுத்துக்காகவோ பக்கம் பக்கமாக வாதாடியவர்கள், அடுத்த வாரம் வேறொரு கட்டுரையில் சேர்ந்து மேற்கோள் தேடிக்கொண்டிருப்பார்கள். உங்கள் நூலகத்தில் இருக்கும் உள்ளூர் வரலாற்று நூல்கள் அந்த மேற்கோள்களுக்குப் பெரிதும் உதவும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மாணவர்களை உட்கார வைத்து, புதுக்கோட்டையின் குளங்களைப் பற்றிய கட்டுரைகளில் எவற்றுக்குச் சான்று இல்லை என்று பார்க்கச் சொல்லுங்கள்.